வெடி வைத்தால் வீடு ஏன் ஆடுகிறது? சுரங்க வெடி அதிர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் குடியிருந்துகொண்டு பல்லாரிக்கும் கலபுரகிக்கும் அரியலூருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் என் பிழைப்பு. பெட்டி என்றால் அதிர்வுமானி. திறந்தவெளிச் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது பக்கத்து ஊர் வீட்டு வாசலில் அதை வைத்து, தரை எவ்வளவு ஆடியது என்று பதிவு செய்து, அடுத்த வெடிக்கு எத்தனை கிலோ வரை போடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் காதுகுத்து, ராமமூர்த்தி நகரில் புதுமனைப் புகுவிழா என்று எங்கே போனாலும் சாப்பாட்டுப் பந்தியில் யாராவது ஒருவர், "தம்பி, நீ வெடி வேலைதானே, இந்தச் சுவரைக் கொஞ்சம் பாரேன்" என்று போனில் போட்டோவை நீட்டுவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்களும் கிட்டத்தட்ட இதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

அதிர்வு அதிர்வு என்கிறீர்களே, அந்தப் பெட்டி சரியாக எதைத்தான் அளக்கிறது?

மண் துகள் ஆடும் வேகத்தை. அலை ஓடும் வேகத்தை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அல்சூர் ஏரியில் கல்லை எறிந்தால் அலை கரை வரைக்கும் ஓடி வருகிறது, ஆனால் தண்ணீரில் கிடக்கிற இலை இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஆடிவிட்டு நின்றுவிடுகிறது இல்லையா? நாங்கள் அளப்பது அந்த இலையின் ஆட்டத்தை. கெட்டியான கருங்கல் பாறையில் அலை விநாடிக்கு 5 கிலோமீட்டர் வாக்கில் ஓடும், ஆனால் உங்கள் வீட்டு வாசலில் மண் ஆடும் வேகம் விநாடிக்குச் சில மில்லிமீட்டர்தான். அந்த ஆட்டத்தில் வந்த மிகப் பெரிய வேகத்தைத்தான் உச்சத் துகள் வேகம், சுருக்கமாக பிபிவி, என்கிறோம்.

ஆட்டம் மூன்று திசையிலும் இருக்கும்: வெடி இருக்கும் திசையில் முன்னும் பின்னும், அதற்குக் குறுக்கே, அப்புறம் மேலும் கீழும். அதனால் தரையில் வைக்கும் உணரியான ஜியோபோனுக்குள் மூன்று உணரிகள். இவற்றில் எது பெரியதோ அதைத்தான் விதியோடு ஒப்பிடுவார்கள். சிலர் மூன்றையும் கணத்துக்குக் கணம் வெக்டராகக் கூட்டி அதன் உச்சத்தை எடுப்பார்கள், அது கொஞ்சம் கூடுதலாக வரும். அறிக்கையில் இரண்டில் எது என்று எழுதாவிட்டால் கேளுங்கள்.

ஏன் வேகம்? எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்தால் போதாதா?

சுவரில் விரிசல் விழுவது அது இழுபடுவதால். அலை கடக்கும்போது ஏற்படும் இழுப்பு, துகள் வேகத்தை அலை வேகத்தால் வகுத்த அளவுக்கு இருக்கும். ஆகவே சேதத்தோடு நன்றாக ஒத்துப்போவது வேகம்தான். ஆனால் வேகம் மட்டும் போதாது, அதிர்வெண்ணும் வேண்டும், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பது; அதை ஹெர்ட்ஸில் சொல்வோம். விநாடிக்கு 5 மிமீ என்று இரண்டு பதிவுகள் இருக்கட்டும். ஒன்று 5 ஹெர்ட்ஸில், இன்னொன்று 50 ஹெர்ட்ஸில். முதலாவதில் தரை சுமார் 0.16 மிமீ நகர்கிறது, இரண்டாவதில் அதில் பத்தில் ஒரு பங்குதான். போதாததற்கு ஒன்றிரண்டு மாடி வீடுகள் தாமாக ஆடும் அதிர்வெண் 4 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் எப்படி உயர உயரப் போகுமோ, அப்படித்தான் 5 ஹெர்ட்ஸ் அலை வந்தால் வீடு கூடவே சேர்ந்து ஆடும். 50 ஹெர்ட்ஸ் வந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

சரி, எவ்வளவு வரைக்கும் தாங்கும்?

இந்தியாவில் டிஜிஎம்எஸ் என்று நாங்கள் சொல்கிற சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-ல் விட்ட சுற்றறிக்கைதான் இன்றைக்கும் எங்கள் வேதம். சுரங்க முதலாளிக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளுக்கு: 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் விநாடிக்கு 5 மிமீ, 8 முதல் 25 வரை 10 மிமீ, 25-க்கு மேலே 15 மிமீ (அதிர்வு பற்றிப் பேசும்போது வெறும் மிமீ என்றால் விநாடிக்கு மிமீ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்). தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு இதே வரிசையில் 10, 20, 25. பழமையான நினைவுச்சின்னங்களுக்கும் எளிதில் பாதிக்கக்கூடிய கட்டடங்களுக்கும் 2, 5, 10. சுரங்கத்துக்கே சொந்தமான, சில காலம் மட்டும் இருக்கப்போகிற கட்டடங்களுக்கு வரம்பு இன்னும் தாராளம்.

அமெரிக்கச் சுரங்கத் துறை 1980-ல் வெளியிட்ட ஆய்வில் குறைந்த அதிர்வெண்ணுக்கே சுவரின் வகையைப் பொறுத்து 12.7 மிமீ அல்லது 19 மிமீ, 40 ஹெர்ட்ஸுக்கு மேல் 50.8 மிமீ என்று இருக்கும். அதைக் கொண்டுவந்து காட்டி "பாருங்க சார், நாம ரொம்பக் கம்மியா வெச்சிருக்கோம்" என்று வாதாடும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆராய்ந்தது பெரும்பாலும் மரச்சட்டம் போட்ட வீடுகளை. இங்கே மண் சாந்தில் கல் அடுக்கிக் கட்டிய சுவர், அதன் மேல் பத்து வருடம் கழித்து எழுப்பிய மாடி. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு நன்றாகவே ஆட்டம் தெரிகிறது. பாத்திரம் எல்லாம் கிலுங்குகிறது. அப்படியென்றால் வரம்பைத் தாண்டிவிட்டதுதானே?

அவசியமில்லை. மனித உடம்பு பொல்லாத கருவி. வீட்டுக்குள் அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு அரை மில்லிமீட்டரே தெரிந்துவிடும். 2 மிமீ வந்தால் "என்ன, வீடே இடிஞ்சுடும் போலிருக்கே" என்று எழுந்து ஓடுவார்கள், அதிலும் தப்பில்லை, பயம் பயம்தான். ஆனால் அமெரிக்கச் சுரங்கத் துறை ஒரு சோதனை வீட்டின் சுவரில் உணரிகளை ஒட்டிப் பார்த்தபோது, கதவை அறைந்து சாத்தினால் சுவரில் வரும் இழுப்பு ஏறக்குறைய 12 மிமீ வெடி அதிர்வுக்குச் சமம், ஆணி அடித்தால் சுமார் 22 மிமீ, ஒரே நாளில் வெயிலும் ஈரமும் மாறுவதால் வருவது 30 மிமீக்கும் மேலே என்று கண்டார்கள். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. வெயில் சத்தம் போடுவதில்லையே!

ஜன்னல் கண்ணாடி தடதடக்கிறதே, அதுவும் நில அதிர்வா?

பெரும்பாலும் இல்லை, அது காற்றழுத்தம். சொல்லப்போனால் ஊர்ப் புகார்களில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பது என் அனுபவம். 2020 மே 20 மதியம் பெங்களூர் முழுக்க ஒரு பெரிய சத்தம் கேட்டு, வைட்ஃபீல்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை ஜன்னல்கள் ஆடி, பூகம்பம் என்று எல்லாரும் ஃபேஸ்புக்கில் எழுதினார்களே, நினைவிருக்கிறதா? அது விமானப்படையின் சோதனை விமானம் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்ததால் வந்தது என்று பாதுகாப்பு அமைச்சகம் பிறகு விளக்கம் கொடுத்தது. தரை ஆடவே இல்லை, காற்றுதான் அறைந்தது.

சுரங்க வெடியில் இரண்டும் வரும், ஆனால் ஒன்றாக வராது. காற்றில் சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் போகும். தரை அலை அதைவிடப் பல மடங்கு வேகம். 700 மீட்டரில் உங்கள் வீடு இருந்தால் காலடியில் ஒரு குலுக்கல், அப்புறம் ஏறக்குறைய இரண்டு விநாடி கழித்து ஜன்னலில் ஒரு தடதடப்பு. எந்தக் குலுக்கலில் பயந்தீர்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள், பிரச்சினை எங்கே இருக்கிறது என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். தரை அலையைக் குறைக்க வேண்டுமானால் வெடிமருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். காற்றழுத்தத்துக்கு, மருந்து நிரப்பிய குழியின் வாயை அடைக்கும் ஜல்லி சரியாக இருக்கிறதா, வெடியைக் குழிக்குக் குழி கடத்தும் கயிறான டெட்டனேட்டிங் கார்டைத் திறந்தவெளியில் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மார்கழிக் காலையில் மேலே வெப்பக்காற்று, கீழே குளிர்காற்று என்று மூடி போட்டது மாதிரி நிற்கும்போது சத்தம் மேலே போகாமல் மடங்கி ஊருக்குள் இறங்கும். அந்த நேரத்தில் வெடி வைக்காமல் மதியத்துக்குத் தள்ளினாலே புகார் குறையும்.

கேஜிஎஃப்-ல் அந்தக் காலத்தில் பூமி ஆடுமே, அதுவும் இதுவும் ஒன்றா?

கேட்பது பெரும்பாலும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். எங்கள் குடும்பம் தங்கவயலிலிருந்து வந்தது, அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ராத்திரி அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுக்கும், அம்மா எழுந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், இந்த ஷிப்டில் யார் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று தெருவே எண்ணும். அது ராக் பர்ஸ்ட். 3 கிலோமீட்டருக்கும் கீழே, மேலேயிருக்கும் பாறையின் கனம் தாங்காமல் சுரங்கச் சுவர் தானாக வெடித்துச் சிதறுவது. யாரும் மருந்து வைக்கவில்லை, நேரம் சொல்லியும் வராது. திறந்தவெளிச் சுரங்கத்தில் நேரம், இடம், மருந்தின் எடை மூன்றும் நம் கையில். அதனால்தான் இதைக் கணிக்க முடிகிறது, அதைக் கணிக்கப் படாத பாடு பட்டார்கள். 2001-ல் சுரங்கம் மூடினாலும் அந்தப் பாறை ஆராய்ச்சிக்காக 1988-ல் தங்கவயலில் தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இப்போது பெங்களூரிலிருந்து வேலை செய்கிறது, சுரங்க வெடி அதிர்வு ஆய்வும் அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று.

ஜியோபோனை எங்கே, எப்படி வைக்க வேண்டும்?

இந்த ஒரு கேள்வியில்தான் பாதி அறிக்கைகள் கெட்டுப்போகின்றன, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

வீட்டுக்கு வெளியே, வெடி நடக்கும் பக்கம் பார்த்த சுவரின் அருகில், அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டருக்குள், தரையில். மாடியில் வைக்காதீர்கள், ஹாலின் நடுவில் டைல்ஸ் மேலே வைக்காதீர்கள். அங்கே கட்டடம் தன் பங்குக்கு ஆட்டத்தைப் பெருக்கிக் காட்டும், விதியிலுள்ள வரம்போ தரையில் அளப்பதற்கு எழுதப்பட்டது. மேலேயுள்ள அம்புக்குறி வெடி திசையைப் பார்க்க வேண்டும், மட்டம் காட்டும் குமிழி நடுவில் நிற்க வேண்டும்.

அடுத்தது பிடிப்பு. மண் என்றால் சிறு குழி தோண்டி உள்ளே வைத்து மண்ணைப் போட்டு நன்றாக இடித்துவிடுவதுதான் நல்லது. பாறை என்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ எபாக்ஸியோ போட்டு ஒட்ட வேண்டும். மணல் மூட்டையை மேலே வைத்துவிட்டு வருவது தூரத்தில் சரிப்படும், கிட்டத்தில் சரிப்படாது. முடுக்கம் 0.2 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) தாண்டும் என்று தோன்றினாலே புதைத்துவிட வேண்டும், 1 ஜி-க்கு மேல் என்றால் ஒட்டாமலோ புதைக்காமலோ அளந்தது கணக்கிலேயே வராது. 30 ஹெர்ட்ஸில் 20 மிமீ என்றால் கிட்டத்தட்ட 0.38 ஜி ஆகிவிடுகிறது, அதனால் சுரங்கத்துக்குள்ளே 100 மீட்டரில் மூட்டை முறை எடுபடாது. தளர்ந்த மண்ணில் நின்ற ஜியோபோன் தானே குதித்து ஒரு தடவை 22 மிமீ காட்டியது, பத்தடி தள்ளிப் புதைத்திருந்த இன்னொன்றில் 4 மிமீ. எதை எழுதுவது என்று அந்தச் சுரங்கத்து ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்!

கருவி எந்த அளவில் தானாக விழித்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும். என் முதல் வருடத்தில் நான் செய்த கூத்து இது. பஸ் போனால்கூடப் பதிவாகிறது என்று எரிச்சலில் அதை 2 மிமீக்கு ஏற்றி வைத்தேன். வெடி நடந்தது, ஊரே ஆடியது, பெட்டியில் ஒன்றும் இல்லை. பிறகு பக்கத்துக் கருவியின் பதிவை வைத்துக் கணக்குப் போட்டால் அங்கே 1.6 வந்திருக்க வேண்டும். "பெட்டியை அணைச்சு வெச்சுட்டு வந்திருக்கான்" என்று ஒரு பெரியவர் சொன்னார், பதில் சொல்ல என்னிடம் காகிதம் இல்லை. அன்றிலிருந்து 0.5-க்கு மேலே வைப்பதில்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் குதித்து 6 மிமீ பதிவாகும், பசுமாடு வந்து உரசும், ஆகட்டும், நேரத்தை ஒப்பிட்டு அதையெல்லாம் கழித்துவிடலாம். அதனாலேயே வெடிப்பவர் கடிகாரமும் பெட்டியின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும்.

போனில் ஆப் போட்டு அளக்கலாமா?

ஆட்டம் வந்தது, இத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்ளப் பயன்படும். எண்ணை நம்பாதீர்கள். போனை யாரும் அளவுத்திருத்தம் செய்து தருவதில்லை, மேசை மேல் வைத்தால் மேசையின் ஆட்டம்தான் தெரியும்.

வெடிப்பதற்கு முன்பே எவ்வளவு வரும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இரண்டே எண்கள்: தூரம், ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடை. தூரத்தை மீட்டரில் எடுத்து, எடையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இதை அளவிட்ட தூரம் என்போம். பிபிவி என்பது இடத்துக்கு இடம் மாறும் ஒரு எண்ணை, அளவிட்ட தூரத்தின் ஏதோ ஒரு அடுக்கால் வகுத்தது. அமெரிக்கச் சுரங்கத் துறை 1950-களின் கடைசியில் கொண்டுவந்த வடிவம் இது. எடைக்குக் கனமூலம் எடுக்கும் சூத்திரமும் உண்டு, தன்பாத் ஆராய்ச்சியாளர்கள் இந்தியச் சுரங்கங்களுக்கென்று கொடுத்ததும் உண்டு. நடைமுறையில் வர்க்கமூலம்தான் ஓடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழி விட்டம் 115 மிமீ, மருந்து ஆன்ஃபோ, அதாவது அம்மோனியம் நைட்ரேட் 94 பங்கு, டீசல் 6 பங்கு. ஒரு மீட்டர் குழியில் ஏறத்தாழ 8.8 கிலோ பிடிக்கும். 11 மீட்டர் குழியில் மேலே 3 மீட்டர் ஜல்லி அடைத்தால் மீதி 8 மீட்டருக்கு 70 கிலோ. வீடு 400 மீட்டரில். 70-ன் வர்க்கமூலம் 8.37, ஆக அளவிட்ட தூரம் 47.8. ஆஸ்திரேலியத் தரநிலை சராசரி நிலைமைக்குக் கொடுக்கும் எண்களை, அதாவது 1140-ஐயும் 1.6 அடுக்கையும் போட்டால் 2.3 மிமீ வருகிறது. 70 கிலோவை 35 ஆக்கினால் 1.3 ஆகிவிடும். எடையை அப்படியே வைத்துத் தூரத்தை இரட்டித்தால் மூன்றில் ஒரு பங்காக, 0.8-க்குக் குறையும். தூரத்தின் பிடி எடையின் பிடியைவிட இறுக்கமானது என்பது இதில் தெரியும், ஆனால் வீட்டை நகர்த்த முடியாது.

அந்த 1140-ஐ எல்லா இடத்திலும் போடலாமா?

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். போடக்கூடாது. அது அறிமுகமில்லாத இடத்தில் முதல் வெடிக்கு முன் ஒரு குத்துமதிப்புக்கு. அப்புறம் அந்தச் சுரங்கத்திலேயே வெடிகளை அளந்து, அந்தப் பாறைக்கான எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே வரிசையில் கிட்டத்திலும் தூரத்திலுமாக ஐந்தாறு பெட்டிகள் வைத்து, பல வெடிகளில் 30-க்குக் குறையாமல் புள்ளிகள் எடுத்து, மடக்கைத் தாளில் போட்டு நடுவே கோடு கிழிப்போம். பக்கத்துச் சுரங்கத்துக் கோட்டை இங்கே போடுவது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பது மாதிரி.

ஆனால் உண்மையான கோளாறு அடுத்த படியில் இருக்கிறது. நடுவே கிழித்த கோடு நடுவேதான் போகும்! பாதிப் புள்ளிகள் அதற்கு மேலே இருக்கும். அந்தக் கோட்டை வைத்து "400 மீட்டரில் 5 மிமீக்கு மேல் வராமல் எத்தனை கிலோ போடலாம்" என்று கேட்டால் மேலே சொன்ன எண்களுக்கு 180 கிலோ என்று பதில் வரும். 180 போட்டுக்கொண்டே இருந்தால் இரண்டில் ஒரு வெடி வரம்பைத் தாண்டும், கணக்கே அப்படித்தான் சொல்கிறது. அதனால் நூற்றில் 95 வெடிகள் கீழே அடங்குகிற மாதிரி ஒரு மேல்கோடு கிழிக்க வேண்டும். புள்ளிகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைப் பொறுத்து அது நடுக்கோட்டைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் போகும், சில இடத்தில் இன்னும் மேலே. இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேளுங்கள்: 76 கிலோ. அதே சுரங்கம், அதே வீடு, அதே சூத்திரம், ஒரு கோட்டில் 180, இன்னொரு கோட்டில் 76. என் மேசைக்கு வரும் பழைய அறிக்கைகளில் எந்தக் கோடு என்று எழுதாமல் ஒரு எண்ணை மட்டும் கொடுத்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் ஒரு தடவைக்கு 5 டன் வைக்கிறார்களாம். நீங்கள் 70 கிலோ என்கிறீர்கள்?

5 டன்னும் ஒன்றாக வெடிப்பதில்லை. ஒவ்வொரு குழிக்கும் நடுவே 17, 25, 42 மில்லிவிநாடி என்று இடைவெளி விட்டு வரிசையாக வெடிக்கும். நமக்குச் சத்தம் ஒன்றாகக் கேட்டாலும் தரைக்கு அது தொடர் தட்டல். கணக்கில் போவது ஒரு டிலேயில், அதாவது ஒரே கணத்தில், வெடிக்கும் அதிகபட்ச எடைதான். இரண்டு குழிகளுக்கு இடையே 8 மில்லிவிநாடி இருந்தால் அவை தனித்தனி என்பது பழைய நடைமுறை.

இந்த 8-ஐக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். தூரத்து வீட்டில், அதுவும் ஆழமான மண் மேலே, வரும் அலை 10 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 100 மில்லிவிநாடி ஆகிறது. அதில் 8 மில்லிவிநாடி தள்ளி வரும் இரண்டாவது அலை முதலாவதின் முதுகிலேயே ஏறிக்கொள்ளும், கூட்டினால் ஏறக்குறைய 1.94 மடங்கு. தனித்தனி என்று எழுதிவிட்டு இரண்டு மடங்கு அனுப்புகிறோம். இன்னொன்று, குழியில் இருக்கும் மருந்தைத் தூண்டிவிடுவது டெட்டனேட்டர்; அதில் மெல்ல எரியும் மருந்தை வைத்து நேரம் காட்டும் சாதாரண நோனல் வகை சொன்ன நேரத்துக்குச் சில சதவீதம் முன்னே பின்னே வெடிக்கும். குழிக்குள் 250 மில்லிவிநாடி என்றால் அந்தச் சில சதவீதமே 5, 10 மில்லிவிநாடி ஆகிவிடும், ஆக தாளில் வரைந்த வரிசை பாறையில் அப்படியே நடப்பதில்லை. எலக்ட்ரானிக் டெட்டனேட்டரில் இந்தப் பிசகு இல்லை என்றே சொல்லலாம். விலை அதிகம், ஆனால் ஊர் நெருக்கத்தில் அதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

அது கையில் இருந்தால் இன்னொரு நல்ல வழியும் திறக்கிறது. ஒரே ஒரு குழியை மட்டும் வெடித்து வீட்டு வாசலில் அலையைப் பதிவு செய்துகொள்வது. அந்த ஒற்றை அலையைக் கணினியில் வெவ்வேறு இடைவெளியில் அடுக்கிக் கூட்டிப் பார்த்தால் எந்த இடைவெளியில் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்குகின்றன, எதில் ஏறுகின்றன என்று தெரிந்துவிடும். அதிர்வெண்ணையும் ஓரளவுக்கு இப்படித்தான் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது, அளவிட்ட தூரச் சூத்திரம் அதைப் பற்றி வாயே திறக்காது.

அதிர்வு வரம்பைத் தாண்டுகிறது. சுரங்கத்தில் என்ன மாற்றச் சொல்லலாம்?

முதலில் ஒரு டிலேயின் எடை. குழிக்குள் நடுவில் ஜல்லி போட்டு மருந்தை இரண்டு அடுக்காகப் பிரித்து வெவ்வேறு நேரத்தில் வெடிக்கலாம், பெஞ்ச், அதாவது சுரங்கத்தைப் படிப்படியாக வெட்டும் படியின், உயரத்தைக் குறைக்கலாம், சின்ன விட்டக் குழி போடலாம். அப்புறம் பர்டன், அதாவது குழிக்கும் பாறையின் திறந்த முகத்துக்கும் உள்ள தூரம். அது கூடிவிட்டால் பாறை முன்னே நகர வழியில்லாமல் சக்தியெல்லாம் தரைக்குள் போகும். மருந்தைக் குறைத்தும் அதிர்வு கூடுகிறதே என்று முழிப்பவர்கள் முன் வரிசைக் குழிகளை அளந்து பார்க்க வேண்டும். முந்தைய வெடியின் கற்குவியலை அள்ளாமலே அடுத்ததை வெடித்தாலும் இதே கதை. வெடிவரிசை ஊரைப் பார்த்து ஓடாமல் ஊரிலிருந்து விலகி ஓடும்படி கோப்பதும் உதவும். விளிம்பில் ப்ரீஸ்பிளிட், அதாவது பாறையை முன்கூட்டியே பிளந்துவிடும் குழி வரிசை, போட்டால் அதிர்வு அடங்கும் என்பது எப்போதும் உண்மையில்லை, அந்த வரிசையே பல குழிகளை ஒரே கணத்தில் வெடிப்பதால் சில சமயம் அதுதான் அன்றைய பெரிய ஆட்டம்.

ஏஐ வைத்துக் கணிக்கிறார்களாமே?

நியூரல் நெட்வொர்க் போட்டுக் குவியலாகக் கட்டுரைகள் வருகின்றன, 0.98 பொருத்தம் என்று மார்தட்டும். 40 வெடிகளை வைத்து 10 உள்ளீடுகளைப் பழக்கினால் பொருந்தாமல் என்ன செய்யும்? அடுத்த பெஞ்சுக்கு இறங்கியதும் அது உளறும். நூற்றுக்கணக்கான வெடிகளின் சுத்தமான பதிவு இருந்தால் பயன் உண்டு. அப்படிப் பதிவு வைத்திருக்கும் சுரங்கத்துக்கு முதலில் என் பெட்டியே அதிகம் தேவைப்படாது.

அணைக்கட்டு பக்கத்தில் குவாரி இருந்தால்?

மண்டியா மாவட்டத்தில் பேபி பெட்டா குவாரிகளால் கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணைக்கு ஆபத்து என்று பல வருடம் நடந்த சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோதனை வெடி வைத்து அளந்து பார்க்கலாம் என்றபோது அதையே விவசாயிகள் எதிர்த்தார்கள், 2024 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் அணையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் சுரங்க வேலைக்குத் தடை போட்டது. வெறும் பிபிவி கணக்கின்படி அவ்வளவு தூரத்தில் ஒரு குவாரி வெடி அணையில் பதிவாவதே கஷ்டம். ஆனால் யார், எப்போது, எத்தனை கிலோ வைக்கிறார்கள் என்றே தெரியாத சட்டவிரோதக் குவாரிகளுக்கு எந்தச் சூத்திரத்தில் எந்த எண்ணைப் போடுவது? எனவே அந்த உத்தரவைக் கேலி செய்யும் சக பொறியாளர்களோடு நான் சேருவதில்லை.

அப்படியானால் விரிசலுக்கு வெடி காரணமே இல்லை என்கிறீர்களா?

இல்லை. 2 மிமீ வந்த வீட்டில் புது விரிசலுக்கு வெடியைக் காரணம் சொல்ல முடியாது, 20 மிமீ வந்த வீட்டில் சொல்லலாம். நடுவிலே இருப்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும், அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருப்பதில்லை. வெடி தொடங்கும் முன்பே வீடு வீடாகப் போய் ஏற்கனவே இருக்கும் விரிசல்களைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை அவரிடமே கொடுப்பதுதான் முறை. சுரங்கம் செய்யவில்லையா, நீங்களே செய்யுங்கள். விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை சாந்து வைத்து ஒட்டுங்கள். அது உடைந்த நாள் வெடி நாளா, மழை பெய்து மண் ஊறிய நாளா என்று பாருங்கள்.

ஊர்க்காரர்கள் சுரங்கத்திடம் என்ன கேட்க வேண்டும்?

"அதிர்வு அதிகம்" என்று மனு எழுதினால் "வரம்புக்குள் உள்ளது" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. குறிப்பிட்ட வெடியின் தேதி, நேரம் போட்டு, அன்றைய பதிவுத் தாளைக் கேளுங்கள். அதில் மூன்று திசைக்கும் தனித்தனியே பிபிவியும் அதிர்வெண்ணும் இருக்க வேண்டும், அலையின் படம் இருக்க வேண்டும், பெட்டி நின்ற இடத்துக்கும் வெடிக்கும் உள்ள தூரம், ஒரு டிலேக்கு எத்தனை கிலோ, காற்றழுத்தம் எத்தனை டெசிபெல், கருவியைக் கடைசியாக அளவுத்திருத்தம் செய்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழசு என்றால் மற்ற எண்களைப் படிக்கவே வேண்டாம், வேறு கருவியோடு வரச் சொல்லுங்கள்.